சாரப்பருப்பு: கிலோ ₹2,000 கொடுக்கும் முன்

நாட்டு மருந்துக் கடையில் கேட்டால், உளுந்தைவிடச் சற்றுப் பெரிய, ஒரு முனை கூர்ந்த, கொஞ்சம் தட்டையான பழுப்புப் பருப்பு ஒன்றைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். 50 கிராமுக்கே ₹100 கேட்பார்கள். அதுதான் சாரப்பருப்பு. இந்தியில் சிரோஞ்சி, மராத்தியிலும் குஜராத்தியிலும் சாரோளி, தெலுங்கில் சாரப்பப்பு. கேட்கும்போது பெயரை முழுசாகச் சொல்லுங்கள். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தால் சாரணை வேரை எடுத்து நீட்டும் கடைகளும் உண்டு. அது வேறு செடி, வேறு வேலை.

சில்லறையில் இப்போது 100 கிராம் ₹200 முதல் ₹350 வரை போகிறது. முந்திரி விலையில் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்கு வாங்கியவர்களில் பாதிப்பேர் "இதில் என்ன இருக்கிறது, காறல் வாடைதான் அடிக்கிறது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தப்பு அவர்கள் நாக்கில் இல்லை. இந்தப் பருப்பில் நல்ல சரக்குக்கும் கெட்ட சரக்குக்கும் இடையே உள்ள தூரம் முந்திரியிலோ பாதாமிலோ இல்லாத தூரம். பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எதுவும் அதைச் சொல்வதில்லை.

மரத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். இது மாமரத்தின் உறவு. மா, முந்திரி, பிஸ்தா, சேங்கொட்டை எல்லாம் இருக்கும் அதே குடும்பம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா, மகாராஷ்டிரம், குஜராத், தெலங்கானா என நடு இந்தியாவின் வறண்ட இலையுதிர் காடுகளில் தானாக முளைத்து நிற்கும். 10 முதல் 15 மீட்டர் உயரம். பட்டை கருஞ்சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக வெடித்து முதலைத் தோல் மாதிரி இருக்கும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். நம் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இதே பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் உண்டு. ஆனால் கடைக்கு வரும் பருப்பு பெரும்பாலும் நடு இந்தியாவிலிருந்துதான். பேரினத்துக்குத் தாவரவியலார் வைத்த பெயர் புக்கனானியா. 1800-1801இல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கோயம்புத்தூர், மலபார் என்று சுற்றி ஊர் ஊராகப் பயிரும் மரமும் குறித்துக்கொண்டு போன பிரான்சிஸ் புக்கனன் பெயர்தான் அது. ஆங்கிலத்தில் இதற்குக் "கடப்பா பாதாம்" என்றும் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டால் யாருக்கும் புரியாது.

தோட்டப் பயிராக இது இன்னும் பெரிதாக வரவில்லை. விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி காட்டில் பொறுக்கியது. தரம் முன்னே பின்னே இருப்பதற்கும், விலை இவ்வளவு ஏறி நிற்பதற்கும் வேர் அங்கேதான்.

பருப்பு கெடுவது எங்கே

சனவரி முதல் மார்ச் வரை பூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பழுக்கும். பழம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். பச்சையிலிருந்து ஊதாவாகிக் கடைசியில் கறுக்கும். கறுத்த பிறகு பறித்தால்தான் உள்ளே பருப்பு முழுசாக விளைந்து எண்ணெய் ஏறியிருக்கும். மரம் பொதுக்காட்டில் நிற்கிறது. இன்று நீ பறிக்காவிட்டால் நாளை பக்கத்து ஊர்க்காரர் பறித்துவிடுவார். அதனால் பாதி காயாக இருக்கும்போதே கிளையோடு வெட்டி இறக்கிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. மரமும் நலியும், பருப்பும் சுருங்கும். பாக்கெட்டில் தோல் மடிந்து, நடுவில் குழி விழுந்த பருப்பு நிறைய இருந்தால் அது இப்படி முந்திப் பறித்ததுதான். வறுத்தாலும் மொறுமொறுப்பு வராது. சவச்சவ என்று இருக்கும்.

பறித்த பழத்தை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் சாக்கில் வைத்துத் தேய்த்துச் சதையைக் கழற்றுவார்கள். கழுவி, வெயிலில் உலர்த்துவார்கள். இங்கே இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, ஊறல் நீண்டு புளித்துப்போவது. இன்னொன்று, நன்றாகக் காயாமல் மூட்டை கட்டுவது. இரண்டிலும் ஈரம் ஓட்டைத் தாண்டி உள்ளே இறங்கும். பருப்பின் முனையில் கறுப்பு விழும், பூஞ்சை பிடிக்கும்.

காய்ந்த கொட்டையை உடைப்பதுதான் பெரிய வேலை. ஓடு கல் மாதிரி கடினம், உள்ளே இருப்பதோ எண்ணெய்ப் பதமான மென்மையான பருப்பு. மரபாக இரண்டு சொரசொரப்பான கற்களுக்கு நடுவே, அதாவது திருகை போன்ற அமைப்பில் இட்டு உடைப்பார்கள். கல்லின் இடைவெளி கொஞ்சம் நெருங்கினால் பருப்பு நசுங்கும், விலகினால் ஓடு உடையாது. கொட்டையும் ஒரே அளவில் இருப்பதில்லை. இயந்திரம் வந்த இடங்களிலும் இதே சிக்கல்தான்; கொட்டையை அளவுவாரியாகச் சலித்துப் போட்டால்தான் முழுப்பருப்பு கிடைக்கும். சலிக்காமல் போட்டால் உடைசல் கூடும். ஒரு கூடைக் கொட்டையை உடைத்தால் பெரும்பங்கு ஓடுதான். பருப்பு அடியில் கொஞ்சம் தேறும். விலையின் கணக்கு இங்கேதான் இருக்கிறது. இடைத்தரகருக்கும் ஒரு பங்கு உண்டு. சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கம் இந்தப் பருப்பை உப்புக்குப் பண்டமாற்றாக வாங்கிப் போன வியாபாரிகளின் கதை அங்கே பழைய கதை.

உடைந்த பருப்பு வெறும் அழகுக் குறை என்று விட்டுவிட முடியாது. இந்தப் பருப்பில் எடைக்குப் பாதி கொழுப்பு. தோல் கிழிந்து காற்றுப் பட்ட கணத்திலிருந்து அந்த எண்ணெய் கெடத் தொடங்கும். ஓட்டுக்குள் இருக்கும்வரை காவல் உண்டு. உடைத்த பிறகு நாள் எண்ண வேண்டியதுதான். பாக்கெட்டில் "பேக் செய்த தேதி" இருக்கும். எப்போது பறித்தது, எப்போது உடைத்தது என்று இருக்காது. போன வருடத்து ஜூனில் உடைத்த பருப்பு மூட்டையில் பத்து மாதம் கிடந்துவிட்டு, போன வாரம் பாக்கெட்டுக்குள் போயிருந்தாலும் தேதி புத்தம் புதுசாகத்தான் இருக்கும்.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

50 கிராம் மட்டும் வாங்குங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். நல்ல சரக்கு இளஞ்சிவப்பு கலந்த வெளிர்பழுப்பாக, மேலே கொஞ்சம் புள்ளியும் வரியுமாக இருக்கும். பழைய சரக்கு கருத்து, மங்கி, எண்ணெய் கசிந்து பளபளக்கும். பளபளப்பைப் பார்த்துப் புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். அது உள்ளே இருந்த எண்ணெய் வெளியே வந்துவிட்டதற்கு அடையாளம். பாக்கெட்டின் உட்பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் பிசுக்கு ஒட்டினாலும் அதே கதைதான்.

அடுத்தது, ஒரு பருப்பை இரண்டு பிளவாகப் பிரியுங்கள். உள்ளே பால்வெள்ளை அல்லது மெல்லிய தந்த நிறம் இருக்க வேண்டும். மஞ்சள் ஓடியிருந்தால் காறல் தொடங்கிவிட்டது. நடுவில் பழுப்புக் கோடு இருந்தால் முடிந்துவிட்டது. பிளந்ததை நகத்தால் நசுக்குங்கள். நகத்தில் எண்ணெய் மின்ன வேண்டும். மாவு மாதிரி உதிர்ந்தால் விளையாத காயின் பருப்பு.

வாடையைக் குளிர்ந்த பருப்பில் பார்க்க முடியாது. ஒரு பிடியைக் கைக்குள் மூடி ஒரு நிமிடம் வைத்திருந்து, கையைத் திறந்ததும் முகருங்கள். பாதாமுக்கும் பிஸ்தாவுக்கும் நடுவில், கொஞ்சம் கஸ்தூரிச் சாயலோடு ஒரு மணம் வரும். பழைய எண்ணெய்ச் சட்டியைத் திறந்த மாதிரியோ, வண்ணப் பெயிண்ட் டப்பா மாதிரியோ வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னும் ஐயம் என்றால் வெறும் வாணலியில் பத்துப் பருப்பைச் சிறுதீயில் ஒரு நிமிடம் சூடாக்குங்கள். கெட்டுப்போனது அப்போது மறைக்க முடியாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக ஓட்டுத் துண்டு. இது சின்ன விஷயம் இல்லை. பருப்பின் நிறத்திலேயே, பருப்பின் அளவிலேயே இருக்கும். கடித்தால் பல் போகும். முறத்தில் புடைத்தும் முழுசாகப் பிரியாது. தட்டில் பரப்பி விரலால் தள்ளித் தள்ளிப் பொறுக்குவது ஒன்றே வழி. 100 கிராமில் இரண்டு மூன்று துண்டு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் என்றால் அந்தக் கடைக்காரர் உங்களுக்கு ஓட்டுத் துண்டைப் பருப்பு விலைக்கு விற்றிருக்கிறார்.

எங்கே வாங்குவது

நாட்டு மருந்துக் கடைச் சரக்கு ஒரு சூதாட்டம். கண்ணாடி ஜாடியில் போட்டு வெளிச்சம் படும் இடத்தில் வைத்திருப்பார்கள். வாங்குவோர் குறைவு, ஜாடி காலியாக மாதக்கணக்காகும். ஒரு நல்ல பக்கமும் உண்டு: எடுத்துப் பார்க்கலாம், முகரலாம், பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று வந்துவிடலாம். மேலே சொன்ன சோதனைகள் அத்தனையும் அங்கேயே நின்றுகொண்டு செய்ய முடியும். வட இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் பகுதியில் இருக்கும் உலர்பழக் கடையில் சரக்கு வேகமாக ஓடும். நம் மதிப்பீட்டில் அதுதான் முதல் இடம். சௌகார்பேட்டை மாதிரி இடங்களில் "இந்த வருஷத்துச் சரக்கா?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஆள் இருப்பார்.

இணையத்தில் வாங்கும் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. காற்று நீக்கி அடைத்த பாக்கெட் என்றால் ஓரளவு நம்பலாம். சாதாரண ஜிப் பையில் வந்தால், அதுவும் 500 கிராம், ஒரு கிலோ என்று பெரிய பையாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். படத்தில் காட்டும் பருப்பும் கையில் வரும் பருப்பும் வேறு வேறு வருடத்தவை என்பது மதிப்புரைகளைத் தேதிவாரியாகப் படித்தாலே தெரியும்: ஜூலை, ஆகஸ்டில் எழுதியவர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள், அதே பொருளுக்குப் பிப்ரவரி, மார்ச்சில் எழுதியவர்கள் "கசக்கிறது" என்று எழுதியிருப்பார்கள். பொருள் ஒன்றுதான், மாதம்தான் வேறு. ஆகவே வாங்குவதென்றால் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் வாங்குங்கள்.

நான்காவது வழி பழங்குடிக் கூட்டுறவுகள். வனப் பொருளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை தரும் மத்திய அரசுத் திட்டம் 2013-14இல் தொடங்கியபோதே சிரோஞ்சி பட்டியலில் இருந்தது. 2018 ஏப்ரலில் சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் வன் தன் மையங்கள் தொடங்கின. பொறுக்குகிறவர்களே உடைத்து, சலித்து, அடைத்து விற்பது அந்த ஏற்பாடு. ட்ரைப்ஸ் இந்தியா கடைகளிலும், சத்தீஸ்கர் ஹெர்பல்ஸ் பெயரிலும் இத்தகைய வனப் பொருள்கள் வருகின்றன. பணம் காட்டுக்குப் போகும் வழியில் குறுக்கே நிற்கும் கைகள் இதில் குறைவு என்பதால் இதற்கு எங்கள் ஓட்டு உண்டு. ஆனால் மேலே சொன்ன சோதனைகளிலிருந்து இதற்கும் விலக்கு இல்லை. பருப்புக்கு யார் விற்கிறார் என்று தெரியாது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தோம் என்றுதான் தெரியும்.

100 கிராம் ₹120, ₹130 என்று யாராவது விற்றால் காரணம் கேளுங்கள். உடைசல் என்று சொன்னால் அது நேர்மையான பதில். அரைத்து விடுகிற குருமாவுக்கு உடைசலே போதும், ஆனால் வாங்கிய வாரத்திலேயே தீர்த்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்கி, அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, சின்னக் கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். புட்டியில் காலி இடம் இருந்தால் அதில் இருக்கும் காற்றே வேலையைக் காட்டிவிடும். நம் ஊர் வெயிலில் சமையலறை அலமாரியில் ஒரு மாதம், ஏறினால் ஒன்றரை மாதம். ஃப்ரிட்ஜில் ஆறு மாதம் தாராளமாக வரும். ஃப்ரீசரில் அடுத்த பருவம் வரை இருக்கும். எடுத்த புட்டியை உடனே திறக்காதீர்கள். வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் உள்ளே வியர்க்காது.

எதற்கு இது வேண்டும், எதற்கு வேண்டாம்

எல்லாப் பாயசத்திலும் முந்திரிக்குப் பதில் இதைப் போடுவது காசைக் கரைப்பது. வெல்லப் பாயசத்தில் வெல்லத்தின் மணம் இதை விழுங்கிவிடும். கேசரி, சர்க்கரைப் பொங்கல் இரண்டுக்கும் முந்திரியே பொருத்தம். இதன் மணம் மெல்லியது. பால், தயிர், கோவா போன்ற வெள்ளைப் பொருள்களோடுதான் அது வெளியே தெரியும். மராத்தியர்கள் ஸ்ரீகண்ட் மேல் இதைத் தூவுவதும், பாசுந்தியில் போடுவதும் அதனால்தான்.

பாலில் போடுவதென்றால் கணக்கு இது: ஒரு லிட்டர் பால் சுண்டி 600 மில்லி ஆனதும், ஒரு மேசைக்கரண்டி பருப்பை ஒரு தேக்கரண்டி நெய்யில் சிறுதீயில் 30 விநாடி, மிஞ்சிப்போனால் 40 விநாடி பொரித்துச் சேருங்கள். முந்திரியைப் பார்க்கும் கண்ணோடு இதைப் பார்க்காதீர்கள். இது சின்னது, நிறம் மாறுகிறது என்று நீங்கள் கவனிக்கும் நேரத்தில் உள்ளே கருகியிருக்கும். பொன்னிறம் வரும்வரை காத்திருக்காமல், பருப்பு லேசாக உப்பி மணம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். கருகியது ஒன்று இருந்தாலும் அந்தக் கசப்பு ஒரு கிண்ணம் பாலுக்கும் போதும். பால் கொதிக்கத் தொடங்கும்போதே பருப்பைப் போட்டுவிட்டால் தோலின் நிறம் இறங்கிப் பால் மங்கலாகும். பருப்பும் குழைந்து வாயில் தட்டுப்படாது. இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போதும்.

இதன் முழுப் பலம் தெரிவது இனிப்பில் இல்லை, ஹைதராபாத் பாணி அசைவத்தில். தம் கா முர்க், குருமா வகைகளில் இதை அரைத்து விடுவார்கள். லக்னோவின் கலோட்டி கபாபிலும் அரைத்துச் சேர்ப்பது உண்டு. ஒரு கிலோ கோழிக்கு இரண்டு மேசைக்கரண்டி சாரப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி கசகசா, இரண்டு மேசைக்கரண்டி துருவிய கொப்பரை, பத்து முந்திரி. நான்கையும் தனித்தனியாக, வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் கொப்பரை கருகும் நேரத்தில் முந்திரி பச்சையாக இருக்கும். ஆறியதும் முதலில் பொடித்து, பிறகு கால் டம்ளர் வெந்நீர் தெளித்து விழுதாக அரைத்து, 250 கிராம் கெட்டித் தயிர், வறுத்த வெங்காயம், மசாலாவோடு பிசறி இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். தம் போடும்போது தீ கூடினால் இரண்டு விபத்து: தயிர் திரியும், பருப்பு விழுது அடிபிடிக்கும். அடியில் தோசைக்கல் வைத்து அதன் மேல் பாத்திரத்தை வைத்தால் இரண்டுமே வராது.

சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். அங்கே இருக்கும் நம்மவர்கள் குருமாவில் கசகசா அளவுக்கு இதையே கூட்டிப் போடலாம். கெட்டித்தன்மை கிட்டத்தட்ட அதே மாதிரி வரும், மணம் இன்னும் ஒரு படி மேல். முந்திரியை மட்டும் கூட்டினால் வரும் இனிப்புத் திகட்டல் இதில் இல்லை.

மத்தியப் பிரதேசத்து சாகர் நகரத்தில் சிரோஞ்சி பர்ஃபி பேர்போனது. வீட்டில் செய்ய 250 கிராம் பருப்பு, 250 கிராம் இனிப்பில்லாத கோவா, 200 கிராம் சர்க்கரை. பருப்பை வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்துத் துணியில் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். அதை மின்விசிறிக்குக் கீழே முழுசாகக் காயவிட்டு, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். இந்தக் குளிர்ச்சிதான் சூட்சுமம். அறைச் சூட்டில் இருக்கும் பருப்பைத் தொடர்ந்து ஓட்டினால் பொடி வராது, எண்ணெய் விட்டுக் கூழாகிவிடும். பிறகு பர்ஃபி துண்டு போட நிற்காது. ரவைப் பதம் போதும். சர்க்கரையை ஒற்றைக் கம்பிப் பாகு வைத்து, உதிர்த்து வறுத்த கோவாவையும் பொடியையும் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது தட்டில் கொட்டுங்கள். பாகு இரண்டு கம்பிக்குப் போய்விட்டால் மறுநாள் கல்லாகிவிடும். பருப்புக்கு மட்டும் ₹500க்கு மேல் ஆகும் இனிப்பு இது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தீபாவளிக்குக் கூட யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

முகத்துக்குப் பூச இதைப் பாலில் அரைக்கச் சொல்லும் காணொளிகள் நிறைய. கடலைமாவு இருக்கும்போது இது எதற்கு?

முந்திரி, பிஸ்தா ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மூன்றும் ஒரே குடும்பம். விருந்துக்குச் செய்கிறீர்கள் என்றால் பாயசத்தில் இது இருக்கிறது என்று சொல்லிப் பரிமாறுங்கள். பலர் இதைப் பருப்பு வகை என்றே அறிய மாட்டார்கள்.

எண்ணெய், கொட்டை, கன்று

சிரோஞ்சி எண்ணெய் என்று 100 மில்லி ₹150, ₹200க்கு விற்கும் புட்டிகள் இருக்கின்றன. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பருப்பில் பாதி கொழுப்பு. செக்கில் அத்தனையும் வராது, கிலோவுக்கு 400 கிராம் வந்தால் நல்ல ஆட்டம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டே கால் கிலோவுக்குமேல் பருப்பு வேண்டும். பருப்பைச் சில்லறை விலையில் பாதிக்கே, கிலோ ₹1,000க்கு, மொத்தமாக வாங்கினார்கள் என்று வைத்தாலும் 100 மில்லிக்குப் பருப்புச் செலவு மட்டும் ₹225 தாண்டுகிறது. புட்டி, ஆட்டுக்கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். அதைவிடக் குறைந்த விலைக்கு விற்கும் புட்டியில் இருப்பது என்ன என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் புட்டியை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். இதன் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிப் பால்மிட்டிக் அமிலம் இருப்பதால் அது குளிரில் மங்கிக் கெட்டிப்பட வேண்டும். தண்ணீர் மாதிரி தெளிவாகவே நின்றால் உள்ளே வேறு எண்ணெய். கெட்டிப்பட்டது என்பதற்காக மட்டும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது, பாமாயிலும் கெட்டிப்படும்.

ஓட்டோடு இருக்கும் கொட்டை மலிவு, நாளும் தாங்கும் என்று வாங்குகிறவர்களுக்கு: உடைக்கத் தெரிந்தால் வாங்குங்கள். குழவிக்கல்லால் தட்டினால் சின்னக் கொட்டை தெறித்து ஓடும். துணியில் கட்டித் தட்டினால் பருப்பும் ஓடும் கலந்து பொடியாகும். லேசாக ஈரம் தெளித்து மூடிவைத்த பிறகு உடைத்தால் உடைசல் குறையும். அப்படியும் ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு பிடி தேறினால் அதிகம்.

கன்று வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. விதையில் வந்த கன்று மலிவு. ஆனால் ஆணிவேர் வேகமாகக் கீழே ஓடும். ஆறு அங்குலப் பையில் ஒரு வருடம் கிடந்த கன்றென்றால் வேர் சுருண்டு நிற்கும். நட்ட முதல் கோடையிலேயே நின்றபடி காய்ந்துவிடும். பையின் அடியைப் பாருங்கள்; வேர் வெளியே நீட்டியிருந்தாலோ வெட்டியிருந்தாலோ விட்டுவிடுங்கள். நீளமான பையில் வளர்த்த இளங்கன்று நல்லது. குஜராத்தில் கோத்ராவை ஒட்டிய மத்தியத் தோட்டக்கலை ஆய்வு நிலையம் "தார் பிரியா" என்று ஒரு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஒட்டுக்கன்று வேண்டும் என்றால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விதை போடுகிறீர்கள் என்றால் மே, ஜூனில் விழுந்த புதுக் கொட்டையை உடனே போட வேண்டும். ஓட்டில் மெல்லிய விரிசல் விட்டுப் போட்டால் முளைப்பு கூடும். பருப்பில் காயம் பட்டால் பூஞ்சை தின்றுவிடும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் நட வேண்டாம். செம்மண், சரளை, சரிவு இருந்தால் போதும். தஞ்சாவூர் வண்டலைவிடத் தர்மபுரிப் பக்கத்து மேட்டுநிலம் இதற்கு ஏற்றது.

பழத்தைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அது இங்கே வராது. பறித்த ஒன்றிரண்டு நாளில் தோல் சுருங்கிவிடும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ சத்தீஸ்கர் பக்கம் போக நேர்ந்தால் வாரச் சந்தையில் இலைத் தொன்னையில் குவித்து "சார்" என்று விற்பார்கள். முழுக்கக் கறுத்ததாகப் பார்த்து எடுங்கள். ஊதாவாக இருப்பது நாக்கைத் துவர்க்கும். சதை மெல்லிய படலம்தான், இனிப்பும் புளிப்பும் சரிபாதி. கொட்டையைக் கடிக்காமல் துப்பிவிடுங்கள். விற்கிறவர் பக்கத்தில் வேறு தொன்னை இருந்தால் அதில் போடுங்கள். அவருக்கு விலை அதில்தான்.